நல்ல தண்ணீரில் விட்ட மீன்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மீன்காரி என்று பெயர். வைத்தது அவள் கணவன்தான். ஒருமுறை அவளைக் கூட்டிப்போக வந்தவன், வாசல் காவலாளியிடம் "எங்க வீட்டு மீன்காரி கிளம்பிட்டாளா?" என்று கேட்டுவைக்க, அது இயக்குநர் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. அவன் பேருந்து ஓட்டுநர். வண்டியானாலும் ஆளானாலும் ஓட்டுவதில் அவனை மிஞ்ச முடியாது.

ஆலைகளில் புழங்கும் ரசாயனங்களைச் சோதிக்கிற இடம் அது. வெளியே கொட்டினால் சிதைந்து போகுமா, உயிர்களின் உடம்பில் சேருமா, சேர்ந்தால் என்ன கெடுதல் செய்யும் என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் அரசு அனுமதிக்கும், அல்லது தடுக்கும். உடம்பில் சேருமா என்பது அவள் பொறுப்பு. தொட்டித் தண்ணீரில் ரசாயனத்தைத் துளியளவு கலந்து மீன்களை விடுவாள். பிறகு அவற்றை நல்ல தண்ணீருக்கு மாற்றி, ஏறியது இறங்குகிறதா என்று பார்ப்பாள்.

அந்த வருடம் சோதனைக்கு வந்தது, துணியில் தண்ணீர் ஒட்டாமல் செய்கிற ஒரு பூச்சு. பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. கல்யாணமான புதிதில் கணவன் மழைக்கோட்டுத் துணி ஆலையில் இருந்தான். இதே பூச்சைத்தான் அண்டாவில் கலக்கிக்கொண்டிருந்தான். மகள் நடக்கத் தொடங்கியபோது அந்த வேலையை விட்டான். "அந்தச் சனியனை அன்னிக்கே தலைமுழுகியாச்சு" என்பான். இப்போது அவனுக்குச் சிறுநீரகத்தில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்தும் நோய் பரவிக்கொண்டிருந்தது. இதனால்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அவள் யாரிடமும் மூச்சுவிடாமல் சோதனையை நடத்தினாள். நல்ல தண்ணீரில் விட்ட மீன்களின் ஈரலில் அளவு குறையவே இல்லை. கருவியில் கோளாறு என்று நினைத்தாள். துடைத்துச் சரிபார்த்து, வேறு மீன்களை விட்டுப் பார்த்தாள். அதே கதைதான்.

இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த அறிக்கையில என் பேர் வரக்கூடாது. என் வீட்டுக்காரர் அந்த ஆலையில வேலை பார்த்தவர். ஆலைக்காரங்க நாளைக்கு இதையே பிடிச்சுக்குவாங்க."

"இதை முதல்லயே சொல்லியிருக்கணும்மா."

"இறங்கிடும்னு நினைச்சேன் சார்."

வேறொரு ஆய்வுக்கூடம் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவது என்று முடிவானது. தடை அவ்வளவுக்குத் தள்ளிப்போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டில் கணவன் ஜன்னலோரம் சாய்ந்திருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"என்ன மீன்காரி, உன் மீனெல்லாம் என்ன சொல்லுது?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை.

"இறங்கலைங்க."

அவன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். "அப்பல்லாம் கை கழுவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்குவேன். தெரியும்ல?"

"தெரியும்."

"என் வேலைச் சட்டையை நீதானே துவைச்ச? இடுப்புல அவளை வச்சுக்கிட்டு."

கட்டி என்று தெரிந்த அன்றுகூட மருத்துவரைக் கிண்டலடித்தவன், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுப்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவன் போய்விட்டான்.

மற்ற ஆய்வுக்கூடத்து மீன்களும் அதையேதான் சொல்லின. தடை வந்த அன்று இயக்குநர் தொலைபேசியில் கூப்பிட்டார். "வந்துடுச்சும்மா. உன் வேலைதான் இது." நன்றி சொல்லி வைத்தாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் இரண்டு மூன்று தடவை நடந்தாள். சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறையில் வந்தபோது, இருவருமாகப் போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தார்கள். முடிவு வந்தது. இரண்டு பேர் இரத்தத்திலும் அந்தப் பூச்சு இருந்தது. மகளிடம் சற்றுக் குறைவு.

மகள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கொஞ்சம்தானேம்மா?"

"ஆமாடா கண்ணு, கொஞ்சம்தான்" என்றாள் மீன்காரி. மகளின் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.