விமலா எடுத்த தொலைபேசி

செவ்வாய்க்கிழமை காலை விமலாவின் தம்பி அழைத்தார். "அண்ணே, அக்கா போயிட்டாங்க" என்றார். விமலாவோடு பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அறியாத ஒன்றும் இதில் உண்டு.

சிரம்பானை அடுத்த மம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களின் மகளாகப் பிறந்தவர் அவர். தொண்ணூறுகளின் பிற்பாதியில், சிரம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் அவரும் நானும் கூட்டாகத் தொழில் தொடங்கினோம். கடைகளுக்கு இணையத்தில் முகவரிப் பெயர் பதிந்து தருவோம்; அதைத் திருட்டுப் போகாமல் காப்போம். அப்போது யாருக்கும் புரியாத வேலை. கெமாஸில் மரச்சாமான் கடை வைத்திருந்த மாரிமுத்து, "கடையிலதான் போர்டு இருக்கே, இது எதுக்கும்மா?" என்றார்.

"தோட்டத்து லயன் வீடெல்லாம் வரிசையா ஒரே மாதிரிதானே அண்ணே இருக்கும்? கதவு நம்பர் இல்லாட்டி உங்கள எப்படித் தேடுவாங்க? அந்த நம்பர்தான் இது. வேற ஆளு எடுக்கறதுக்குள்ள எடுத்துக்குங்க லா" என்றார் விமலா.

மாரிமுத்து அன்றே கையெழுத்திட்டார்.

மூன்றாம் ஆண்டில் எங்கள் கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். மாரிமுத்துவின் பக்கத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வந்தது. மற்றவர்களுக்கும் அதே கதி. காரணம் நான். கடவுச்சொல்லை மாற்றும்படி விமலா இருமுறை சொல்லியும் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

மதியத்துக்குள் சரிசெய்துவிட்டோம். "பாதிப் பேர் பார்த்திருக்கவே மாட்டாங்க. பேசாம விட்டுடலாம்" என்றேன்.

"பூட்டு விக்கிறவங்க நாம. நம்ம பூட்டு உடைஞ்சத நாமதான் முதல்ல சொல்லணும்" என்று விமலா தொலைபேசியை எடுத்தார். ஒவ்வொருவராக அழைத்து மன்னிப்புக் கேட்டார். சிலர் திட்டினார்கள். சிலர் அன்றே விலகினார்கள். மாரிமுத்து மட்டும், தவறு யாருடையது என்று விடாமல் கேட்டார். விமலாவுக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன்.

"கம்பெனி தப்பு அண்ணே" என்றார் விமலா, என்னைப் பார்க்காமல்.

இத்தோடு கடையை மூட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மறுவாரம் மாரிமுத்து தம் மருமகனோடு மாடியேறி வந்தார். "இவரு கடைக்கும் ஒரு பேரு பதிஞ்சு குடும்மா. மத்தவனா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கவே மாட்டான்" என்றார். அவர் சொல்லிக் கேட்டு இன்னும் பலர் வந்தார்கள். நிறுவனம் பிழைத்தது.

அந்தக் கடவுச்சொல்லைப் பற்றி விமலா பிறகு ஒருமுறைகூடப் பேசியதில்லை. அவர் குடும்பத்துக்கே இது இன்றுதான் தெரியவரும்.

இறுதிச் சடங்கு முடிந்து அலுவலகம் திரும்பியபோது, புதிதாகச் சேர்ந்த பெண் அழுதுகொண்டிருந்தார். ஒரு வாடிக்கையாளரின் இணையப் பெயரைப் புதுப்பிக்க மறந்திருந்தார். வாடிக்கையாளரிடம் நானே பேசினேன். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து அதைச் சரிசெய்தோம். விமலாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்.