ஞானப்பிரகாசத்தைத் தூக்கிய தோள்கள்

நேற்று மாலை மகன் கத்தாரிலிருந்து வீடியோவில் பேசினான். அங்கே ஒரு கம்பெனியில் தீயணைப்பு வீரன். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ எடுக்கப் போனவன், இடது பக்கம் சாய்ந்தபடி நடந்தான். அதற்குப் பிறகு அவன் பேசியது பாதி என் காதில் ஏறவில்லை. போனை வைத்ததும் அலமாரியிலிருந்த தைலத்தை எடுத்து, எனக்கு வலிக்காத முதுகில் தேய்த்துக்கொண்டேன். பதற்றத்தில் மனிதன் என்னதான் செய்வான்?

நீலகிரித் தைலம் என்றால் எனக்கு ஊட்டி நினைவுக்கு வருவதில்லை. பாபநாசம் பக்கம் நான் வேலை பார்த்த தீயணைப்பு நிலையம்தான் வரும். கோடையில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டால், நனைந்து கனத்த வைக்கோலைப் பொழுது முழுக்க இழுத்துப் போட வேண்டும். திரும்பி வந்தால் நிலையம் முழுக்கத் தைல வாசனை. ஆனால் ஒருவருக்கும் முதுகு வலி கிடையாது. கேட்டால் எல்லோருக்கும் ஜலதோஷம். முதுகு வலி என்று வாய் திறந்தவரை டெலிபோன் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். பிறகு அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர்.

காலைப் பயிற்சியில் ஓர் ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். தூக்கப்படுகிறவர் எப்போதும் ஞானப்பிரகாசம் அண்ணன். எங்களில் அவர்தான் ஒல்லி. அவரைத் தூக்கித் தூக்கியே நாங்கள் பயில்வான்கள் என்று நம்பியிருந்தோம். நான் கண்ணாடியில் புஜத்தைக்கூடப் பார்த்துக்கொள்வேன். அவரோ தோளில் தொங்கியபடி பேசிக்கொண்டே வருவார். "மெதுவாவே போங்க தம்பி. நமக்கென்ன, பஸ்ஸா போயிடப் போவுது."

ஒருநாள் அந்தக் குரல் தணிந்து வந்தது.

"தம்பி, எடது பக்கம் எறங்குதே. ஜலதோஷமா?"

"பூட்ஸ் சரியில்லண்ணே."

"நேத்தும் இதே பூட்ஸ்தான். டாக்டரப் பாருங்க. அதுவரைக்கும் ஒங்க ஏணிய நான் புடிச்சிக்கிறேன்."

டிஸ்க் விலகத் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். நல்லவேளை, சீக்கிரம் வந்தீர்கள் என்றார். எங்கள் எல்லோருடைய முதுகையும் அண்ணன் அறிவார். ஒன்றைப் பற்றியும் அதிகாரியிடம் சொன்னதில்லை.

பிறகு வீட்டுக்கொருவர் சிங்கப்பூர், சவுதி என்று கிளம்பிய காலம் வந்தது. அண்ணனும் வேலையை விட்டுவிட்டுச் சவுதிக்குப் போனார். அடுத்த பயிற்சியில் டிரைவர் செல்வராஜைத் தூக்கினேன். கொடிக்கம்பம் வரைகூடப் போகவில்லை, இருவரும் மண்ணில் கிடந்தோம். செல்வராஜ் படுத்தபடியே சொன்னார்: "ஞானத்துக்கு லெட்டர் போடுங்கப்பா, திரும்பி வரச்சொல்லி."

நேற்று போனை வைப்பதற்கு முன் மகனிடம் கேட்டேன். "ஏன்டா எடது பக்கம் சாயுற?"

"ஒண்ணுமில்லப்பா, ஷூ."

"ஷூவா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அடுத்த வாரம் ஃபிட்னஸ் டெஸ்ட்ப்பா. தேறலன்னா ஊருக்கு அனுப்பிருவாங்க. முடிச்சிட்டு டாக்டர்ட்ட போறேன்."

"டெஸ்டுக்கு முன்னாடி போ. அனுப்புனா அனுப்பட்டும். நிமிந்து நடந்து வா, போதும்."

"சரிப்பா. நாளைக்குப் போறேன்."

அந்த நாளை இன்றுதான். காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். இங்கே கூரை வீடுகள் எல்லாம் மாடி வீடுகளாகிவிட்டன. வைக்கோலை இயந்திரம் சுருட்டிக் கட்டுகிறது. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். கத்தாரில் பயிற்சிக்கு, ஆள் எடைக்குச் சரியாக மணல் அடைத்த பொம்மை இருக்கிறதாம். சேர்ந்த புதிதில் மகன் பெருமையாகச் சொன்னான். அதைத்தான் தினமும் தோளில் தூக்குகிறான். அது அவன் காதில் ஒன்றும் சொல்லாது.