ரத்தமா, வளர்ப்பா, நானா?

நாய்க்கு அறிவு ரத்தத்தில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா என்பது பற்றி நான்கு புத்தகங்கள் வாங்கினேன். நான்கையும் எங்கள் அல்சேஷன் கடித்துவிட்டது. முடிவுரை எதிலும் மிஞ்சவில்லை.

நான் ரத்தத்தின் கட்சி. ஐந்து தலைமுறை வம்சாவளிச் சான்றிதழோடுதான் அந்த நாயை வாங்கினேன். சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினேன்; என் பட்டம் அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. நாயிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவேன். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா எங்களிடம் தமிழும் நாயிடம் ஆங்கிலமும் பேசினார். குடும்பத்தில் நாய்க்குத்தான் முதலில் உத்தியோகம் கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

போர்டிக்சன் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மலாய்க்காரர். ஒருநாள் நம் ஐந்து தலைமுறை, குட்டைச் சுவரைத் தாண்டிப்போய் அவர் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. அவர் "தாப்பா, தாப்பா" என்று, பரவாயில்லை என்கிற மாதிரி பெருந்தன்மையாகச் சிரித்தார். பிறகு, நாய் வாய் பட்டதற்கு அவர்கள் மார்க்கம் சொல்கிறபடி, அந்த ஒற்றைச் செருப்பை மண் கரைத்த தண்ணீரில் தொடங்கி ஏழு முறை கழுவினார். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சங்கிலி போட்டுப் பார்த்தோம், கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டது. அந்த அறிவு ரத்தத்தில் வந்ததாக இருக்கலாம்.

மனைவி தீர்ப்பு சொன்னாள். "அவங்க வீட்ல ராயாப் பெருநாள் ஓப்பன் ஹவுஸ் வருது, ஊரே விருந்துக்கு வரும். வாசல்ல நூறு ஜோடி செருப்பு கிடக்கும். அதுக்குள்ள இது படியலன்னா என் தம்பிகிட்ட போயிடும். திரும்பி வராது."

"இன்னும் ஆறு வாரம் இருக்கே."

"உங்களுக்கு ஆறு வருஷம் குடுத்தாலும் இதான்."

மைத்துனன் புக்கிட் பெலண்டோக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். அவனுடைய நாய், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் பிறந்தது. தகப்பன் யாரென்று தெரியாது. அவன் புருவத்தை உயர்த்தினால் உட்காரும்.

"பயத்துல உக்காருது," என்றேன்.

"அப்படியா மச்சான்? ஒரு மாசம் உங்க நாயக் குடுங்க, என்னோடத வச்சிக்குங்க. ரத்தமா வளர்ப்பான்னு பாத்துடலாம் லா."

மாற்றிக்கொண்டோம். வந்த மாலை அவன் நாய் என் எதிரே உட்கார்ந்து உத்தரவுக்குக் காத்திருந்தது. இவ்வளவு மரியாதை எனக்குப் பழக்கமில்லை. "சிட்" என்றேன். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இருந்தாலும் பிஸ்கட் கொடுத்தேன். மறுநாளிலிருந்து, அது மனம் தளரக் கூடாதே என்று பிஸ்கட்டை முதலில் கொடுத்துவிட்டு உத்தரவைப் பிறகு சொன்னேன். கேட்காவிட்டால் ஏழு முறை சொல்வேன். அதன் முகம் வாடினால் மன்னிப்புக் கேட்பேன். இரண்டாம் வாரம் உட்காருவதை நிறுத்தியது. மூன்றாம் வாரம் அது ஒரு குரைப்புக் குரைத்தால் நான் எழுந்துபோய் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தேன். நான்காம் வாரம் சுவரைத் தாண்டி, ஆசிரியர் புதிதாக வாங்கிய செருப்போடு வந்தது. அவர் மறுபடி "தாப்பா" என்றார். இந்த முறை நாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

தோட்டத்துக்குப் போனேன். வெட்டிப்போட்ட செம்பனைக் குலைகளுக்குப் பக்கத்தில் எங்கள் அல்சேஷன் உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும் வால் மட்டும் ஆடியது. மைத்துனன் தலையசைத்த பிறகுதான் எழுந்து வந்தது.

"என்னடா செஞ்ச?"

"ஒன்னும் இல்ல மச்சான். ஒரு தடவதான் சொல்லுவேன். செய்யலன்னா நானே புடிச்சு உக்கார வச்சிருவேன், செஞ்சா தடவிக் குடுப்பேன். நாய் ரெண்டும் நல்ல நாய்தான்."

மூன்றாவது ஆளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவன்.

நாய்களைத் திரும்ப மாற்றிக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் மனைவி அல்சேஷனை ஒரே முறை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தது. என் பக்கம் திரும்பினாள். "நாய் இருக்கட்டும். ராயா முடியிற வரைக்கும் நான் பாத்துக்குறேன். நீங்க அதுகிட்ட வாயத் தொறக்கக் கூடாது."

ஓப்பன் ஹவுஸ் அன்று ஆசிரியர் வீட்டு முன்வாசலில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அல்சேஷன் முன்னங்கால்களில் தலையை வைத்துப் படுத்து, அத்தனை செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தது. அசையவில்லை. மனைவி அதன் பக்கத்தில் நின்றாள்.

"எப்படிப் பழக்கினீர்கள்?" என்று ஆசிரியர் மலாயில் கேட்டார்.

நாய்க்குக் கேட்கும் தூரம். நான் பேசாமல் சிரித்தேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. பக்கத்து விருந்தாளியிடம் என்னைக் காட்டி ஏதோ பாராட்டிவிட்டு, என் தட்டில் மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோற்றில் இன்னொரு துண்டு வைத்தார். வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.