கடைசிப் பக்கத்தைக் கிழித்தவர்

ஈரக் கம்பளிச் சட்டையும் பழைய தாளும் சேர்ந்த அந்த நெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், எங்கள் பகுதியான கிளென்ஃபீல்டின் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த ஒரு தொகுப்பு எனக்குக் கிடைத்தது. நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் பத்துச் சதத்துக்கு விற்ற மலிவுக் கதைகளின் மறுபதிப்பு அது. அதில் துப்பறிபவள் ஒரு பெண்! கிழவியாக வேடம் போடுவாள், கால்சட்டை மாட்டி ஆணாக உலாவுவாள், ஓடும் ரயிலின் கூரையில் நடப்பாள், பாவாடை மடிப்பிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துத் திருடனின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். பத்து வயதில் எனக்கு வேறு யார் வேண்டும்?

முடிவை வாசிக்கப் போனால் கடைசிப் பக்கத்தைக் காணவில்லை. எத்தனை பக்கம் மிச்சம் என்று முந்தின நாள் எண்ணிப் பார்த்தபோது அது இருந்தது.

கோபம் தலைக்கேறியது, ஆனாலும் எனக்கென்று ஒரு வழக்கு கிடைத்த சந்தோஷமும் இருந்தது. நாலு வயதுத் தம்பி கிழித்திருந்தால் மூன்று பக்கமாவது போயிருக்கும். இதுவோ கோடு போடும் அடிமட்டத்தை வைத்துக் கிழித்த நேர் விளிம்பு. "கண்ட குப்பையை வாசிக்கிறாய்" என்று முணுமுணுத்த அப்பாதான் குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டேன். அம்மாவைச் சந்தேகிக்கவே இல்லை. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொல்பவர் பக்கத்தைக் கிழிப்பாரா?

அந்தக் கிழமை வீட்டில் வேறொரு பிரச்சினையும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஊரில் நில அளவைக் கந்தோரில் காணிப் படம் வரையும் வேலை பார்த்தவர், கலியாணத்தோடு அதை விட்டுவிட்டார். இப்போது இங்கேயும் ஒரு நில அளவைக் கந்தோர் அவரை வேலைக்குக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. "தம்பி பள்ளிக்கூடம் போகட்டும், பிறகு பாப்பம்" என்றார் அப்பா. அம்மா சட்டிகளைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினார்.

வியாழக்கிழமை பின்னேரம் பாலும் பாணும் வாங்க அம்மா என்னை மூலைக்கடைக்கு, இந்த ஊர்ப் பேச்சில் "டெய்ரி"க்கு, அனுப்பினார். அவர் எழுதித் தந்த துண்டை அங்கே விரித்தபோதுதான் கவனித்தேன். அதே நேர் விளிம்பு. படம் வரைந்த காலத்துப் பழக்கம். எந்தத் தாளையும் அம்மா அடிமட்டம் வைத்துத்தான் கிழிப்பார். பாலையும் பாணையும் மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

"ஓம், நான்தான் கிழிச்சனான்," என்றார் அம்மா, வெங்காயம் அரிவதை நிறுத்தாமல். "அத்தனை கள்ளரையும் பிடிச்சவள், கடைசியில கலியாணம் கட்டினவுடன வேலையை விட்டிட்டாளாம். அந்த விசர்க்கதை உனக்கு வேண்டாம், பிள்ளை."

"நீங்களும் விட்டிட்டீங்கள்தானே, அம்மா?"

கத்தி நின்றது. சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு மேசைக்கு முன்னால் அமர்ந்து, வேலைக்குச் சம்மதம் என்று நாலு வரி எழுதி, மறுநாள் நேரில் கொடுக்க உறையில் போட்டு ஒட்டினார். அப்பா வேலை முடிந்து வந்து தேநீரைக் கையில் எடுக்கும்வரை பொறுத்திருந்தார்.

"நான் அந்த வேலைக்குப் போறன். தம்பியைக் காலமையில கிண்டர்கார்டனில நீங்கள் விடுங்கோ."

அப்பா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் புத்தகக் கடை இன்று இல்லை. ஓய்வு பெறும்வரை அந்த வேலையை விடாத அம்மாவும் இல்லை. அப்போது நகரின் வடக்கே ஆல்பனிப் பக்கம் மாடு மேய்ந்த புல்வெளிகள் இருந்த இடமெல்லாம் இப்போது வீடுகள். பழைய அழகு போய்விட்டதே என்று என்னோடு வேலை செய்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கவலை கொஞ்சமும் இல்லை. அந்தப் புல்வெளிகளைக் கோடு போட்டுக் காணித் துண்டுகளாகப் பிரித்தவர்களில் என் அம்மாவும் ஒருவர்.