சூலம் பார்த்து எடுத்த டிக்கெட்

அடுத்தவர்களின் தேனிலவுக்குக் கட்டில் நிறைய ரோஜா இதழ் தூவச் சொல்லி எழுதி அனுப்புவதுதான் என் உத்தியோகம். மாமல்லபுரம் பக்கம் கடலைப் பார்த்தாற்போல இருக்கும் ஒரு விடுதியில் முன்பதிவுப் பிரிவு. "ஹனிமூனா சார்? கடல் தெரியிற ரூமா போட்டுடலாமா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்பேனோ தெரியாது. அப்படிப்பட்டவள் என் சொந்தத் தேனிலவுக்குத் தேதி வைத்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

தையில் கல்யாணம், மாசியில் பயணம். மஸ்கட், துபாய், இஸ்தான்புல் என்று மூன்று நாடு, பன்னிரண்டு நாள். என் கணவருக்கு மறைமலை நகர்ப் பக்கம் தொழிற்சாலை வேலை. "போனா ஒரேடியா போய்ட்டு வந்துடணும், அப்பறம் எவன் லீவு குடுப்பான்?" என்பது அவர் கட்சி. ஊரை நாங்கள் முடிவு செய்தோம். தேதியை அத்தையிடம் விட்டோம். அத்தை என்றால் என் மாமியார். செங்கல்பட்டில் அவர் வீட்டில்தான் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருக்கிறோம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே அத்தை புது வருஷத்துத் தினசரி காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாள் தாளாகப் புரட்டினார். பக்கத்தில் நான் ஒரு பக்கம், அவர் மகன் ஒரு பக்கம். "மேக்கால போறீங்க. வெள்ளி, ஞாயிறு மேக்கே சூலம், வோணாம். இது அஷ்டமி. இது நவமி. இந்தப் புதன்கெழம நல்லா கீது, அன்னிக்கே கெளம்புங்க." அன்று சாயந்தரமே டிக்கெட் எடுத்தாயிற்று. மாற்றவும் முடியாது, ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பவும் வராது, அந்த மாதிரி டிக்கெட்.

கல்யாண லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் கேன்டீனில் என் தோழி கேட்டாள், எப்போது கிளம்புகிறாய் என்று. கோவளத்துக்காரி. எனக்கு எதிர் மேசை. ஆறு வருஷமாக அவள் டப்பாவில் நானும் என் டப்பாவில் அவளுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். தேதியைச் சொன்னேன். அவள் வாய்க்குப் போன சோறு பாதியில் நின்றது.

"அடிப்பாவி! அன்னிக்குத்தான்டி நோன்பு ஆரம்பிக்குது. நீ போற மூணு ஊரும் நோன்பு ஊரு. ஹனிமூனுக்குப் போறியா, நோன்பு வெக்கப் போறியா?"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காலண்டரைப் புரட்டினேன். ராகு காலம், எமகண்டம், சூலம், பரிகாரம் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தோமே, அதே தாளின் அடியில் 'ரமலான் நோன்பு ஆரம்பம்' என்று அச்சடித்திருந்தது. மூன்று பேர், ஆறு கண். ஒன்றுக்கும் தெரியவில்லை. சிறு வயதிலிருந்து கிழித்துக்கொண்டிருக்கிற காலண்டர்தான். நமக்கு வேண்டிய வரி எது என்று பழகிப்போன கண் மற்ற வரியைத் தொடுவதே இல்லை. ஆறு வருஷமாக எதிர் மேசையில் ஒருத்தி நோன்பு வைக்கிறாள், அது எந்த மாதம் வரும் என்றுகூட யோசிக்காத என்னை நானே நாலு அறை விட்டிருக்கலாம்.

இன்னொருத்தியாக இருந்தால் இது ஒரு சின்னத் தொந்தரவு, அவ்வளவுதான். எனக்கு அப்படியில்லை. எனக்குப் பதினோரு வயதிலிருந்து சர்க்கரை. வயதானவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை, தினம் நாலு வேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டே ஆக வேண்டிய வகை. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கும், கை உதறும், அப்புறம் ஆளே விழுந்துவிடும். இதைச் சொன்னதும் என்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு இடம் நின்றுபோனது. மூன்றாவதாக வந்தவரை நானே மாமல்லபுரத்துக்கு வரச் சொல்லி, கடற்கரை மணலில் உட்கார்ந்து, பொரித்த மீனை அவர் ஒரு வாய்கூட வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "மயக்கம் வந்தா நான் இன்னா பண்ணணும்? அத மட்டும் சொல்லிக் குடு." அந்த மனுஷனை விடுவேனா?

"அம்மாகிட்ட நான் பதமா சொல்லிக்கறேன்" என்றார். அந்தப் பதம் மட்டும் வரவேயில்லை. நிச்சயம் முடிந்தது, பத்திரிகை அடித்தாயிற்று, தாலியும் ஏறியாயிற்று, அத்தைக்குத் தெரியாது. ஊசியைக் குளியலறையில் போட்டுக்கொள்வேன். மருந்தை ஒரு டப்பாவில் போட்டு, முகத்துக்குப் போடுகிற கிரீம் என்று சொல்லி ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருந்தேன். "ஃபிரிட்ஜுல வெக்கிற கிரீமா? அதான் மூஞ்சி இப்டி மினுக்குது" என்று அத்தை மெச்சியபோது எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

என் சர்க்கரை தோழிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பயணத் திட்டத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவளுடைய அக்கா புருஷன் மஸ்கட்டில் இருக்கிறார். அவருக்குப் போனைப் போட்டு, ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு வகுப்பு எடுத்தாள். மஸ்கட்டில் பகலில் ரோட்டிலே நின்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதே, ரூமுக்குள் சாப்பிட்டுக்கொள். துபாயில் பகலிலும் கடை திறந்திருக்கும். இஸ்தான்புல்லில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தூரமாகப் போகிற நாளுக்குத் தனிக் கார் எடு, ஓட்டுபவரிடம் உடம்பைப் பற்றி முன்னாலேயே சொல்லிவிடு. "நோன்பு தொறக்கற நேரத்துல மட்டும் ரோட்டுல இருக்காத. பசியில வண்டியில பறப்பானுங்க" என்றாள். எல்லாவற்றையும் எழுதி முடித்து, "பேஜாராவாத. அந்த ஊரு சாயந்தரத்துல எப்டி கீதுன்னு பாரு. நல்ல மாசத்துலதான்டி போற" என்றும் சொன்னாள். நோன்பு வைக்கப் போகிறவள், நான் வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அது நல்லபடியாக முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் வீட்டில் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவர் சிரித்துக்கொண்டே காலண்டர் கதையை அத்தையிடம் சொன்னார். அத்தை சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! அவங்க பட்டினி கெடக்கறப்போ எதிர்ல நின்னுகினு துன்னுவீங்களா? வெக்கமா இல்ல? பன்னெண்டு நாள்தானே, பகல்ல பல்லக் கடிச்சிகினு இருங்க. சாயந்தரம் அவங்களோட சேந்து துன்னுங்க. அதான் மருவாதி."

இதில் என்ன குற்றம் சொல்வது? அவர் ஒவ்வொரு செவ்வாயும் முருகனுக்கு விரதம் இருப்பவர், விளக்கேற்றுகிற வரை பச்சைத் தண்ணீரோடு சரி. அடுத்தவர் விரதத்தை அவர் மதிக்காமல் யார் மதிப்பார்? என் கணவர் வாயைத் திறக்கப் போனார். மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். இரண்டு இடம் நின்றுபோனது என் கண்முன் வந்து நின்றது. ஏமாற்றி என் மகன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அத்தை ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டில் நான் எந்த முகத்தோடு நடமாடுவேன்?

"செவ்வாக்கெழம உனக்கு லீவுதானே? என்னோட இரு. பழகிக்கினா அங்க கஷ்டம் தெரியாது" என்றார் அத்தை. "சரிங்க அத்தை" என்று சொன்னது நான்தான், வேறு யாருமில்லை. அன்று ராத்திரி என் கணவர் என்னோடு சண்டை போட்டார். ஒரு பகல்தானே, சமாளித்துக்கொள்வேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அத்தை பின்பக்கம் துணி காயப்போடப் போயிருந்தார். கை உதற ஆரம்பித்தது. ரவிக்கை நனைகிற அளவு வேர்வை. குளுக்கோஸ் இருந்த கைப்பை உள் அறையில். அவ்வளவு தூரம் கால் போகாது என்று தெரிந்துவிட்டது. சர்க்கரை டப்பா கைக்கு எட்டியது. மூடியைத் திறந்து, கையை விட்டு, அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். உதட்டிலும் புடவையிலும் தரையிலும் சர்க்கரை. நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் காலி பக்கெட்டோடு அத்தை.

"பன்னெண்டு மணிகூட ஆவல. முடியலன்னு ஒரு வார்த்த சொன்னா நானே ரெண்டு இட்லி குடுக்க மாட்டனா? இன்னாத்துக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அத்தை, எனக்குச் சர்க்கரை. சின்ன வயசுலேர்ந்து. தெனம் ஊசி போட்டுக்கறேன்."

"சக்கர வியாதிக்காரி சக்கரைய துன்னுவாளா?" நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். இறங்கிவிட்டால் இதுதான் மருந்து என்று உளறிக் குளறிச் சொன்னேன். பக்கெட் எங்கே போனதோ, சர்க்கரை கரைத்த தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்து என் பல்லில் டம்ளர் இடிக்க இடிக்கப் புகட்டினார். முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தார். நடுக்கம் நின்றதும் இட்லி வைத்துக் கொடுத்து, நான் தின்று முடிக்கிற வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு மகனுக்குப் போன் போட்டார். பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தவரை நிற்க வைத்துத் திட்டிய திட்டு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "தெரிஞ்சிகினே வாய மூடிகினு இருந்தியாடா? என் பேச்சக் கேட்டுப் பட்டினி கெடந்து இந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆயிருந்தா, பெத்தவங்களுக்கு நான் இன்னாடா பதில் சொல்லுவேன்?" நான் உள்ளே கட்டிலில் அழுதுகொண்டு கிடந்தேன். ஏமாற்றிவிட்டார்கள் என்ற வார்த்தை இதோ வரும், இதோ வரும் என்று காது கொடுத்துக் கேட்டேன். அது வரவேயில்லை. ஆனால் என் அறைப் பக்கம் அவர் வரவுமில்லை.

விளக்கேற்றி விரதம் முடித்துவிட்டு வந்து, "அந்தக் கோவளத்துப் பொண்ணுக்குப் போனப் போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். "யம்மா, நோயாளிங்க நோன்பு வெக்கணுமா? உங்கள்ல இன்னா சொல்லிகீது?" என்று கேட்டார்.

"ஆன்ட்டி, ஒடம்பு முடியாதவங்களுக்கும் பயணம் போறவங்களுக்கும் எங்கள்லயே லீவு குடுத்து கீது. அப்பறமா வெச்சிக்கலாம், முடியாதவங்க ஏழைங்களுக்குச் சாப்பாடு குடுக்கலாம். உங்க மருமவ ரெண்டு கணக்குலயும் வர்றா. அல்லாவே வுட்டுட்டாரு, நீங்க ஏன் ஆன்ட்டி புடிச்சி வெக்கறீங்க?"

அத்தை சிரித்துவிட்டார். அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த அழுகையும் அதோடு அவருக்கு வந்துவிட்டது, எனக்கும் மறுபடி. மறுநாளிலிருந்து கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, பேரீச்சம்பழம் என்று பெட்டியில் என் துணிக்கே இடமில்லை.

மஸ்கட்டில் மலைப் பக்கம் போன அன்று, பகல் ஒரு மணி வாக்கில், கார் ஓட்டியவர் ஒரு பாலத்தின் நிழலில் வண்டியை ஒதுக்கினார். அவர் நோன்பில் இருந்தார். நாங்கள் கேட்கக்கூட இல்லை. "சாப்பிடும்மா" என்று சைகையால் சொல்லிவிட்டு, இறங்கிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பசியில் இருப்பவர் எனக்காக வெயிலில் நிற்கிறார். இதற்கெல்லாம் யாருக்கு எப்படி நன்றி சொல்லி முடிப்பது?

அந்த நேரம் பார்த்து வீடியோவில் அத்தை. தினம் மூன்று வேளை இதே கேள்விதான். "துன்னியா?"

"துன்னுகினே கீறேன் அத்தை" என்று மிட்டாயைக் காட்டினேன். கடல் தாண்டி இருக்கிற தைரியம்தான், அத்தனை நாள் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அத்தை, முன்னாடியே சொல்லியிருந்தா என்னைக் கட்டி வெச்சிருப்பீங்களா?"

என் கணவர் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். அத்தை பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

"மாட்டேன்" என்றார். பிறகு போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "நல்ல வேள, சொல்லாம வுட்டீங்களே, நான் தப்பிச்சேன்" என்றார்.