குளிர்ந்த கை

முப்பத்து நான்கு வருடம் என் மனைவி நர்ஸாக இருந்தாள். எந்த வார்டிலாவது நோயாளிக்கு நரம்பு அகப்படவில்லை என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டர்களே ஊசியோடு காத்திருப்பார்கள்.

ஓய்வு பெற்ற மறுமாதமே பக்கத்து வீட்டுக்காரி வந்து, "உங்க இடத்துக்கு வந்திருக்கிற பொண்ணுக்கு என்ன கைராசி! குத்தினதே தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று இவளுக்குப் பிடித்த வயிற்றெரிச்சலில் அடுப்பே இல்லாமல் சமைத்திருக்கலாம்.

போன வாரம் அதே ஆஸ்பத்திரியில் இவளுக்கே ரத்தப் பரிசோதனை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போகிற வழியெல்லாம் ஐஸ் தண்ணீர் பாட்டிலை முழங்கை மடிப்பில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். தாகத்திலும் குளிரிலும் நரம்பு உள்ளே ஒளிந்துகொள்ளும் என்று எனக்குச் சொன்னதே இவள்தான்.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது: "என்னக்கா, கை இப்படி ஜில்லுன்னு இருக்கு? இருங்க, தேய்ச்சு விடுறேன்."

ஐந்தே நிமிடத்தில் இவள் கடுகடுவென்று வெளியே வந்தாள்.

"எப்படிக் குத்தினா?" என்றேன்.

"கைராசியாம் கைராசி! மூணு தடவை குத்தினா."

கையைப் பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில்தான் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மூணும் ஒரே ஓட்டையிலயா?"

அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பாதி வழியில் நின்று, அந்தப் பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னாள்:

"பாவி, குத்தினதே தெரியலைங்க."