ஏழு பேருக்கு ஒரு கடிதம்

அரசாங்க வேலையாக வெளிநாடு போகிறவரை விமானம் ஆறரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அதற்கு முன்னால் அவருடைய காகிதங்கள் நான்கு வாரம் நடக்க வேண்டும், அந்தக் கால்கள் என்னுடையவை.

குடிநீர் மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஓர் இலாகாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் அலுவலக உதவியாளனாக இருந்தேன். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. கையெழுத்து வாங்குவது, முத்திரை வாங்குவது, அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இப்போது எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். பாதி ஆன்லைன்தான். மீதிப் பாதியை அச்சடித்து யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டர் பலகையையே பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கூட்ட அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். இயக்குநர் டாக்டர் ஞானசேகரன், துணை இயக்குநர் ரொஸ்லான், பொறியாளர்கள் லிம், ஃபைசால், இரசாயனப் பிரிவில் தேவிகா, நோராய்னி, ஆய்வுக்கூட உதவியாளர் பரஞ்சோதி. இந்த ஏழு பேரும் தென் கொரியாவுக்குப் போக வேண்டியவர்கள். எட்டாவது, இயக்குநரின் செயலாளர் சல்மா. ஒன்பதாவது, தேநீர் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்ற நான்.

புதிதாக வாங்கிய பரிசோதனை இயந்திரத்துக்கு அங்கே ஐந்து நாள் பயிற்சி. பாட்டிலைக் கையால் தொட்டு வேலை செய்கிற ஒருவரும் வர வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. அதனால்தான் பரஞ்சோதிக்கு இடம் கிடைத்தது. அந்த அம்மாவுக்கு முப்பத்தொரு ஆண்டு வேலை. ஒரு முறைகூட விமானம் ஏறியதில்லை. சுங்கை வேயில் வீடு; சுபாங் விமான நிலையத்தில் இறங்குகிற சின்ன விமானங்கள் துணி காயப்போடும் கொடிக்கு மேலேயே போகும் என்பார். அக்டோபர் பதினான்காம் தேதி அவருக்கு அறுபது வயது முடிகிறது, வேலையும் முடிகிறது. பயணம் ஆகஸ்டில். இது தவறினால் அவருக்கு வேறு பயணம் கிடையாது. அறையில் எல்லாருக்கும் அது தெரியும்.

டாக்டர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருபத்தாறு நாள் இருக்கு, தாராளம்."

ஸ்டோர் ரூம் கோட்டு

அரசாங்க வேலையாகப் போகிறவர்களுக்குத் தனிப் பாஸ்போர்ட், எங்கள் பேச்சில் கடப்பிதழ். அதற்குப் படம் வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும், சட்டை கறுத்த நிறமாக இருக்க வேண்டும். எங்கள் ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். யாரோ ஓர் அதிகாரி மாற்றலாகிப் போனபோது மறந்துவிட்டுப் போனது. படம் பிடிக்கப் போகிற எல்லாரும் அதைத்தான் போட்டுக்கொள்வார்கள். அது என் பொறுப்பில் இருந்ததால் கோட்டு போகிற இடத்துக்கு நானும் போவேன்.

முதலில் தயாரானவர் பரஞ்சோதி. புதன்கிழமை மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு படக்கடைக்கு நடந்தே போனோம். கோட்டு ஆறடி ஆளுக்குத் தைத்தது. அவர் ஐந்தடிகூட இல்லை. கடைக்காரர் முதுகுப் பக்கம் நான்கு துணிக் கிளிப்புகளைப் போட்டு இழுத்துப் பிடித்தார். முன்னால் பார்த்தால் அதிகாரி, பின்னால் பார்த்தால் துணிக்கொடி. "அக்கா, சிரிக்காதீங்க, பல்லு தெரிஞ்சா ரிஜெக்ட்லா," என்றார். பரஞ்சோதி வாயை மூடிக்கொண்டார். கண் மட்டும் அடங்கவில்லை. மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்து கோட்டை மடித்து என்னிடம் கொடுக்கும்போது சொன்னார்: "முப்பத்தொரு வருஷம் கழிச்சுப் போறேன், சிரிக்கக்கூடக் கூடாதுன்னா எப்படிண்ணே?"

பிஸ்கட் டின்னுக்கு அடியில்

அமைச்சுக்குப் போக வேண்டிய பயண அனுமதிக் கோப்பு எங்கள் கட்டடத்துக்குள்ளேயே ஐந்து மேசை ஏறி இறங்க வேண்டும். முதல் இரண்டு மேசைகளை ஒரே நாளில் தாண்டியது. மூன்றாவது மேசைக்குப் போனது மட்டும்தான் தெரியும். நான்காவது மேசையில் வரவில்லை என்றார்கள். மூன்றாவது மேசைக் குமாஸ்தா, எங்கள் ஊர்ச் சொல்லில் கிராணி, மூன்று நாள் விடுப்பில் இருந்தார். இழுப்பறை பூட்டியிருந்தது. நான் காலையில் ஒரு தடவையும் மதியம் ஒரு தடவையும் அந்த மேசையைப் போய்ப் பார்த்தேன். பார்த்தால் கோப்பு வந்துவிடாது, ஆனாலும் போனேன்.

விடுப்பு முடிந்து வந்தவர் மேசை ஓரம் இருந்த பெரிய பிஸ்கட் டின்னைத் தூக்கினார். அதற்கு அடியில், நேராக, ஒரு முனையும் மடங்காமல் கோப்பு இருந்தது. காற்றாடியில் பறந்துவிடாமல் இருக்க டின்னை வைத்தாராம். விடுப்புக்குப் போகிற அவசரத்தில் கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட மறந்துவிட்டார். மூன்று நாள் போய்விட்டது.

அவர் என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரி சொன்னார்: "காணாமப் போவல அங்கிள், பத்திரமாத்தானே இருந்துச்சு."

செட்டு

ஒரு பயணத்துக்கு ஒரு செட்டு என்பது நான் வைத்துக்கொண்ட முறை. எல்லாருடைய விண்ணப்பங்களையும் சேர்த்துக் கட்டி, எல்லார் பெயரும் போட்ட ஒரே கடிதத்தோடு கொடுத்துவிடுவேன். தொடக்கத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் ஒன்று எங்கேயோ தங்கிவிட்டது. அதிலிருந்து இந்த முறைதான்.

பரஞ்சோதியின் காகிதங்கள் இரண்டாம் நாளே முழுசாக என் கையில் இருந்தன. மற்றவர்கள் அப்படி இல்லை. லிம்முடைய பிறப்புப் பத்திரம் ஈப்போவில் அவர் அம்மாவின் பீரோவில் இருந்தது. அது வந்து சேர ஒன்பதாம் நாள் ஆனது. அதுவரை பரஞ்சோதி தினமும் ஒரு தடவை என் மேசைக்கு வந்தார். கடப்பிதழைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். காகிதக் கட்டைத் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஏழும் சேர்ந்ததும் டாக்டரின் கையெழுத்துக்கு அடுக்கினேன். அவர் மேசைக்கு ஒரு நாளைக்கு நூறு காகிதம் வரும், வாசிக்க நேரம் இராது. மஞ்சள் ஒட்டுத்தாள் எங்கே இருக்கிறதோ அங்கே பேனா இறங்கும். 'இலாகாத் தலைவர் ஆதரவு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஏழு விண்ணப்பப் பாரத்திலும் ஏழு ஒட்டுத்தாள் ஒட்டினேன். ஏழு கையெழுத்து திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அமைச்சின் அனுமதிக் கடிதம் மட்டும் பாக்கி.

அன்று மாலையும் பரஞ்சோதி வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லண்ணே, ஸ்டேப்லர் பின் இருக்கான்னு பாக்க வந்தேன்."

கவுண்டர் நான்கு

அனுமதிக் கடிதம் பதினைந்தாம் நாள் வந்தது. பதினாறாம் நாள், வியாழக்கிழமை, கிள்ளானில் வீட்டிலிருந்தே மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். டெங்கில் ஊரைத் தாண்டுகிறவரை மழை. காகிதக் கட்டை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தேன். நான் நனைந்தேன், அது நனையவில்லை. புத்ராஜெயாவில் கடப்பிதழ் அலுவலகத்தில் எனக்கு முன்னால் முப்பத்தெட்டு பேர்.

என் எண் வந்தபோது பதினொன்றரை ஆகிவிட்டது. கவுண்டர் நான்கில் இருந்த பெண் பொறுமைக்காரி. ஒவ்வொரு பாரமாகப் புரட்டி ஓரத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டார். ஆறு கோடு விழுந்தது. ஏழாவதில் பென்சில் நின்றது. அது டாக்டருடைய பாரம். கேட்கிறவர் இடத்தில் அவர் கையெழுத்து. ஆதரிக்கிற இலாகாத் தலைவர் இடத்திலும் அவர் கையெழுத்து. இலாகாத் தலைவரே பயணம் போனால் அந்தக் கட்டத்தில் அமைச்சின் தலைமைச் செயலாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் எண்ணிக்கையில் கண்ணாக இருந்து ஏழாவது ஒட்டுத்தாளை ஒட்டியவன் நான்.

மற்ற ஆறையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். கடிதத்தில் ஏழு பெயர் இருக்கிறது, ஆறை எடுக்க முடியாது என்றார். கோபப்படவில்லை. கட்டை முன்போலவே அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். எத்தனை நாள் ஆகும் என்றேன். கொடுக்கிற நாளையும் சேர்த்து ஐந்து வேலை நாள் என்றார். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏற இன்னும் பத்து நாள் இருந்தது. இடையில் ஒரு சனி, ஒரு ஞாயிறு, பிறகு இன்னொரு சனி.

பிறகு அந்த ஏழாவது பாரத்தை மட்டும் எடுத்துக் காட்டி மலாயில் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "அங்கிள், இவரே கேட்டு, இவரே சரின்னு சொல்லியிருக்காரே."

மேசையில் இரண்டு கடிதம்

தலைமைச் செயலாளர் வெளியூரில் இருந்தார், அடுத்த புதன்கிழமைதான் வருவார். அதற்குப் பிறகு கொடுத்தால் ஏழு பேரில் ஒருவரும் ஞாயிறு விமானத்தைப் பிடிக்க முடியாது. சல்மா காரியக்காரி. கொரியாக் கம்பெனியைக் கேட்டார், நவம்பர் இரண்டாம் வாரம் தேதி இருக்கிறது என்றார்கள். தள்ளிவைக்கும் கடிதத்தை உடனே தட்டச்சு செய்துவிட்டார். இயக்குநர் இல்லாமல் குழு போவது அழகில்லை, நவம்பர் எல்லாருக்கும் வசதி என்றார். நவம்பரில் பரஞ்சோதி எங்கள் ஆளே இல்லை என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

செய்தி ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது. நான் போனபோது பரஞ்சோதி பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏன் டென்ஷன் ஆவுறீங்க? எல்லாருக்கும் மறதிதான்லா," என்றார். ஏற்கெனவே கழுவி வைத்த பாட்டிலையே எடுத்து மறுபடி கழுவினார்.

தேவிகாவிடம் இன்னொரு கடிதம் அடிக்கச் சொன்னேன். ஆறு பேர் மட்டும் விண்ணப்பிக்கிறார்கள், இயக்குநருடையது பின்னால் தனியாக வரும் என்று நான்கு வரி. வெள்ளிக்கிழமை காலை இரண்டு கடிதத்தையும் கோப்பில் வைத்து டாக்டர் அறைக்குள் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டே கையை நீட்டினார். மஞ்சள் தாளை என் கடிதத்தில் ஒட்டிவிட்டால் போதும், கையெழுத்து விழுந்துவிடும். ஒட்டவில்லை. அவர் பேசி முடிக்கிறவரை நின்றேன். எனக்கு அந்த அறையில் 'டீ கொண்டு வரட்டுமா' என்பதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை.

"இதை வாசிச்சிட்டுப் போடுங்க டாக்டர்," என்றேன். "ஏழாவது ஸ்டிக்கர் ஒட்டினது என் தப்பு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டையும் வாசித்தார். "பரஞ்சோதி எப்ப ரிட்டயர் ஆவுறாங்க?"

"அக்டோபர் பதினாலு, டாக்டர்."

அந்தப் பயிற்சியில் முதல் நாள் டாக்டர் பேச வேண்டியிருந்தது. பேச்சு அடித்து மேசை மேல் தயாராக இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சல்மாவின் கடிதத்தை இரண்டாக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"எத்தனையோ பேரைப் பட்டியலிலேருந்து வெட்டியிருக்கேன் மாணிக்கம், என்னையே வெட்டறது இதான் மொதத் தடவை."

வெள்ளிக்கிழமை, மூன்று நாற்பது

ஆறையும் திங்கட்கிழமை கொடுத்தேன். அந்த வார வெள்ளிக்கிழமை வாங்கினேன். வாங்கும்போது மணி மூன்று நாற்பது. கவுண்டரிலேயே எண்ணினேன், வாசலில் எண்ணினேன், மோட்டார் சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை எண்ணினேன். ஆறு. அலுவலகம் வந்தபோது ஐந்து பேர் மேசையில் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு இது நான்காவதோ ஐந்தாவதோ.

பரஞ்சோதி கையைக் கழுவி, துடைத்து, மறுபடியும் துடைத்துவிட்டு வாங்கினார். வெற்றுப் பக்கங்களை ஒன்றுவிடாமல் புரட்டினார். இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேலைக் கடப்பிதழ் இலாகாவுக்குச் சொந்தம், வந்த மறுவேலை நாளே ஒப்படைக்க வேண்டும் என்றேன். விரலை மடக்கி எண்ணினார்.

"பத்து நாள் என் கையில இருக்கும்ல, போதும்ண்ணே."

புதன்கிழமை

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை போனார்கள். டாக்டருடைய கடப்பிதழ் புதன்கிழமை வந்தது. கொண்டுபோய் வைத்தேன். அங்கே பயிற்சியில் பாதி முடிந்துவிட்டது, இனிமேல் போய்ப் பயனில்லை. காலையில் தேவிகா போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார்: இயந்திரத்துக்கு முன்னால் பரஞ்சோதி, சுற்றிலும் கொரியாக்காரர்கள் நான்கு பேர், அவர் பாட்டிலைப் பிடித்துக் காட்டுகிறார், பல் முழுக்கத் தெரிகிறது. டாக்டர் அதை என்னிடம் காட்டினார். பிறகு தன்னுடைய கடப்பிதழைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் விழுந்திருக்கு, உள்ள வச்சுப் பூட்டிடுங்க."

ஏழு பேரும் சேர்ந்தே போக வேண்டும் என்று ஒரே கடிதத்தில் கட்டிய என் கணக்கில் போய்த் திரும்பி வந்தவை ஆறு, இரும்பு அலமாரியில் ஒரு பக்கமும் மடங்காமல் மிச்சம் ஒன்று.